அப்பாவின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு: ஈறு சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

தம்பி, காத்திருக்க வேண்டாம். அப்பா முப்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறார், திட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள். ஈறு சுத்தம் பல்லில் படிந்த காரையை எடுக்கும், அவ்வளவுதான். இந்தத் திட்டுக்கு அது மருந்தில்லை. இது புற்றாக மாறக்கூடிய திட்டாகவும் இருக்கலாம்.

என் சித்தப்பா புகையிலையை எப்போதும் இடது கன்னத்தில்தான் அடக்குவார். திட்டும் அங்கேதான் வந்தது. ரசம் பட்டாலே எரியும், பல்வலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், பாக்கினால் வாயின் உட்சவ்வு தடித்து இறுகிப்போயிருக்கலாம். புகையிலையை விட்டுப் பாக்கு மட்டும் போடுகிறேன் என்பார், சம்மதிக்காதீர்கள். பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனமே உறுதி செய்திருக்கிறது.

பயப்படவும் வேண்டாம், எல்லாத் திட்டும் புற்றாவதில்லை. திருவனந்தபுரத்தில் பெரிய ஆய்வு நடத்தி 2005இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் கண்ணால் வாயைப் பரிசோதித்ததிலேயே, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த வாரமே அரசு பல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். துணுக்குப் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.