மூணு மாசமா வீடியோ கோடிங் மட்டும்தானா?

உளவியல் ஆய்வகத்தில் சேர்ந்து மூணு மாசமாச்சு, வீடியோவில் இருப்பவங்க நடத்தையைப் பார்த்து எண் போடுவது (கோடிங்) மட்டும்தான் வேலை, கருதுகோள், அதாவது ஆய்வு எதைச் சோதிக்குது, என்னன்னுகூடச் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. உங்களை மதிக்காததால் மறைக்கிறாங்கன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் அது வேணும்னே செய்வது.

1963-ல் ரோசந்தால், ஃபோட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. சில மாணவர்களிடம் "உங்க எலி புத்திசாலி", மற்றவர்களிடம் "உங்களது மந்தம்" என்றாங்க. உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள்தான். ஆனாலும் 'புத்திசாலி' எலிகள் புதிர்ப்பாதையை நன்றாகவே கற்றன! எதிர்பார்ப்பு அளவீட்டுக்குள்ளும் புகுந்துவிடும். அதனால்தான் உங்களுக்குச் சொல்வதில்லை. அதே வீடியோவை இன்னொருவரும் தனியாக கோடிங் செய்வார். இருவரும் எவ்வளவு ஒத்துப்போறீங்கன்னு 'கோஹனின் கப்பா' என்ற புள்ளியியல் அளவைப் போட்டுப் பார்ப்பாங்க. அது ரொம்பக் குறைஞ்சா தரவை நம்ப முடியாது.

பேராசிரியர் பேசவில்லைன்னு வருத்தப்படாதீங்க, அவருக்கு நிதி விண்ணப்பம் எழுதவே நேரம் போகும். அன்றாடம் ஆய்வகத்தை ஓட்டுவது பிஎச்டி மாணவர்களும், இருந்தால் லேப் மேனேஜரும்தான். அவங்களைப் பிடிங்க. "கோடிங் முடிஞ்சதும் கருதுகோளைச் சொல்லுங்க, பகுப்பாய்வு செய்யும்போது பக்கத்தில் உட்காரட்டுமா?"ன்னு கேளுங்க. பரிந்துரைக் கடிதத்தில் பேராசிரியர் எழுதப்போவதும் பாதி அவங்க சொல்வதுதான்.

அதையும் மறுத்தா, செமஸ்டர் முடிவில் வேறு ஆய்வகம் பாருங்க.