மாத்திரை முடிந்தது, களைப்பு முடியவில்லை

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஸ்ப்ரிங்கர் மலையில் மார்ச் மாதம் தொடங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையை நோக்கி அப்பலாச்சியன் பாதை என்ற நெடுந்தூர நடைபாதையில் நடந்து வருகிறேன். நியூயார்க் மாநிலத்தைக் கடக்கும்போது காய்ச்சலும், முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தடிப்பும் கண்டன. இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யாமலே உண்ணிக் கடியால் வரும் கிருமித் தொற்றான லைம் நோய் என்று மருத்துவர் சொல்லி, பத்து நாளுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். மாத்திரை முடிந்து நான்கு நாள் ஆகிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் விடுதியின் மாடிப்படி ஏறினாலே கால் கனக்கிறது. மருந்து போதவில்லையா? மறுபடி எப்போது நடக்கலாம்?

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது சரிதான். இந்நோயில், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தென்படச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தடிப்பு தோன்றிய உடனே செய்யும் பரிசோதனை நோய் இல்லை என்றே பல நேரம் காட்டிவிடும். பரவிச் செல்லும் அந்தத் தடிப்பைக் கண்ணால் பார்த்தே சிகிச்சையைத் தொடங்குவதுதான் முறை. பத்து நாள் டாக்சிசைக்ளின் என்பதும் தொடக்க நிலைக்கு உரிய முழு அளவே. கிருமி ஒழிந்த பிறகும் களைப்பும் உடல்வலியும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நீடிப்பதுண்டு. அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் உட்கொள்வதால் பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இன்னொரு சுற்று மாத்திரைக்கு அலையாதீர்கள்.

ஒன்றை மட்டும் இன்றே கவனியுங்கள். படி ஏறும்போது கால் கனப்பது வேறு. மூச்சு வாங்குவதும், நெஞ்சு படபடப்பதும், கண் இருட்டிக்கொண்டு வருவதும் வேறு. இக்கிருமி சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும் என்பதால், இரண்டாவது வகையில் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் தொங்கினாலோ, முழங்கால் வீங்கினாலோ அப்போதும் தாமதிக்கலாகாது.

இவை எதுவும் இல்லையென்றால் நடக்கலாம், ஆனால் விட்ட இடத்திலிருந்து பழைய வேகத்தில் அல்ல. முதலில் மூட்டையில்லாமல் சமதரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மறுநாள் காலை உடல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்; நடக்கும்போது இருக்கும் உற்சாகத்தை நம்ப வேண்டாம், மறுநாள் காலைதான் உண்மையைச் சொல்லும். எழும்போது முன்னைவிட அசதியாக இருந்தால் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். தெளிவாக இருந்தால் பாதிச் சுமையுடன், வழக்கமான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு நடங்கள். அடுத்து வரும் கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பகுதிகளில் பாதை அடிக்கடி சாலைகளைக் குறுக்கிடுவது உங்களுக்கு நல்ல வாய்ப்பு: முடியாத நாளில் இறங்கி ஊருக்குப் போய்விடலாம். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் அந்த வசதி குறைவு, ஏற்றமும் கடுமை. பழைய பலம் திரும்பும் முன் அங்கே கால் வைக்காதீர்கள்.

கட்டாடின் அமைந்துள்ள பூங்காவில் அக்டோபர் நடுவோடு தங்கும் இடங்கள் மூடப்படும் என்ற அவசரம் உங்களை விரட்டும் என்பது எனக்குத் தெரியும். நாள் போதாது என்று தோன்றினால் வண்டியில் வடக்கே போய், கட்டாடினை முதலில் ஏறிவிட்டு, விட்ட இடம் வரை தெற்கு நோக்கி நடக்கலாம். மீதியை அடுத்த ஆண்டுக்கும் வைக்கலாம். எந்த வரிசையில், எத்தனை ஆண்டில் நடந்தாலும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டரையும் முடித்தவர் முழுப் பாதையும் நடந்தவராகவே ஏற்கப்படுகிறார்.

ஒருமுறை வந்துவிட்டதால் மறுபடி வராது என்று இருந்துவிடாதீர்கள். கசகசா அளவே உள்ள இளம் உண்ணி கடித்தால் வலிக்காது. உடைகளுக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளியுங்கள். தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை அழுந்தும் இடம், அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுங்கள். பிடுங்கிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டினால், தேவைப்பட்டால் ஒரே வேளை டாக்சிசைக்ளினிலேயே தடுத்துவிட முடியும்.