காட்டுப்பன்றி செத்துக் கிடந்தால் யாரைக் கூப்பிடுவது?

பெங்களூருவில் இருந்துகொண்டு, பன்னேர்கட்டா முதல் பந்திப்பூர் வரையிலான காடுகளில் காட்டுப்பன்றிகளுக்கு என்ன நோய் வருகிறது என்று கண்காணிக்கும் அரசு உயிரியலாளர் நான். இங்குள்ள தமிழர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் கீழே.

எலகங்கா, கல்லூரி மாணவர்: அக்கா, உங்கள் வேலை காட்டிலா, ஆய்வகத்திலா? உயிருள்ள பன்றியைப் பிடித்து ரத்தம் எடுப்பீர்களா?

பாதி வேலை தொலைபேசியில்தான், தம்பி. காட்டில் ஒரு பன்றி இறந்தால் முதலில் பார்ப்பவர் வேட்டைத் தடுப்புக் காவலர் அல்லது மாடு மேய்ப்பவர். அவர் அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொன்னால்தான் எங்களுக்குப் பிழைப்பு. இரண்டு நாள் போனால் வெயிலும் மற்ற விலங்குகளுமாக எலும்பை மட்டும் விட்டுவைக்கும். அதையும் நாங்கள் விடுவதில்லை. நாங்கள் முக்கியமாகத் தேடுவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற, பன்றிகளைக் கொல்லும் வைரஸ் நோயை. நீண்ட எலும்பின் மஜ்ஜையில் அந்த வைரஸின் மரபணு வெகுநாள் கிடைக்கும். உடல் புதிதாக இருந்தால் மண்ணீரல், நிணநீர்க் கணு, டான்சில், சிறுநீரகம் ஆகியவற்றில் துண்டு எடுத்து, மூன்று அடுக்கு உறையில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புவோம். ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்வார்கள். இந்த நோய் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தபோது, அதை உறுதிசெய்தது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம்.

உயிருள்ள பன்றியைப் பிடிப்பது அபூர்வம். இந்த நோய் தாக்கியவற்றில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்துவிடுவதால், ஓடுகிற பன்றியைவிடச் செத்த பன்றிதான் நிறைய சொல்லும். கடும் காய்ச்சலில் அவை தண்ணீரையும் குளிர்ந்த நிழலையும் தேடிப் போய்ப் படுக்கும். அதனால் தேடுபவர்களை ஓடைக்கரை ஓரமாக நடக்கச் சொல்வோம்.

பன்னேர்கட்டா சாலை, மென்பொருள் பொறியாளர்: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. மூக்கில் ரத்தம். நாங்களே குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். சரிதானே?

நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறீர்கள். ஆனாலும் இனி வேண்டாம். மூக்கில் ரத்தம் என்றவுடன் எங்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது மனிதர்களுக்குத் தொற்றாது. மற்றொன்று அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ்; அது தொற்றும், கொல்லவும் செய்யும். 2022 ஜூனில் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் இறந்த காட்டுப்பன்றிகளில் ஆந்த்ராக்ஸ் உறுதியானது.

இந்த இரண்டாவது சந்தேகம் தீரும்வரை நாங்கள் கத்தியைத் தொடமாட்டோம். ஆந்த்ராக்ஸ் கிருமி, உடல் மூடியிருக்கும்வரை பெரும்பாலும் உள்ளேயே அழுகி அழிந்துவிடும். உடலைக் கிழித்துக் காற்றுப்பட விட்டால் கெட்டி ஓடு கொண்ட வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் முதலில் ஒரு கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மாட்டுக்குக் காதில் குத்தி எடுத்த ரத்தமே போதும். பன்றியின் ரத்தத்தில் கிருமி குறைவாகவே இருக்கும். தொண்டையில் வீங்கிய இடத்திலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். இது தெரியாமல் ரத்தத்தை மட்டும் பார்த்து "ஆந்த்ராக்ஸ் இல்லை" என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

ஆகவே தொடாதீர்கள், நாயை அண்ட விடாதீர்கள், தள்ளி நின்று படம் எடுத்து, கர்நாடக வனத்துறையின் 1926 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். வீட்டுக் கால்நடைகளுக்கான எண் 1962. இரண்டு எண்களையும் இப்படி ஒன்றுபோல வைத்த புண்ணியவான்கள் யாரோ! மாற்றிக் கூப்பிட்டுவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிட்டால் போதும். நீங்கள் புதைத்த இடத்தையும் அவர்களிடம் காட்டிவிடுங்கள். புதைத்தவர்களில் யாருக்காவது காய்ச்சலோ தோலில் கறுத்த புண்ணோ வந்தால், மருத்துவரிடம் பன்றியைத் தொட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனேக்கல், பன்றிப் பண்ணையாளர்: மேடம், காட்டுப்பன்றிகளால் என் பண்ணைக்கு நோய் வருமா? தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

நீங்கள் போட்டது அனேகமாகப் பழைய பன்றிக் காய்ச்சலுக்கான ஊசி. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வைரஸ் வேறு, குடும்பமே வேறு. ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு அது பயன்படாது. வியட்நாம் 2022இல் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. இங்கே பண்ணையாளர் வாங்கிப் போடும் நிலையில் எதுவும் இல்லை.

காட்டுப்பன்றியால் வரலாம், மறுக்கவில்லை. வேலியை இரட்டிப்பாக்குங்கள். ஆனால் நான் உங்கள் பண்ணைக்கு வந்தால் முதலில் பார்ப்பது வேலியை அல்ல, ஓட்டலில் இருந்து வரும் எச்சில் டிரம்மை. நகரத்து மிச்சச் சோற்றில் பன்றி இறைச்சித் துண்டு இருந்தால், உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில் தாங்கும் இந்த வைரஸ் நேரே தொட்டிக்கு வந்துவிடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். அடுத்தது, பண்ணை பண்ணையாகப் போகும் வியாபாரியின் வண்டிச் சக்கரம், செருப்பு. நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் உள்ள பண்ணைப் பன்றிகளை எல்லாம் கொல்ல வேண்டிவரும். அந்த நாளைப் பார்த்த பண்ணையாளர் யாரும் அதன் பிறகு எச்சில் சோற்றை மலிவு என்று சொல்வதில்லை.

கனகபுரா சாலை, கேழ்வரகு விவசாயி: நோய் பரப்புகிறது, பயிரையும் அழிக்கிறது. சுட்டுத் தள்ளிவிட்டால் என்ன?

பயிர் போன வயிற்றெரிச்சல் புரிகிறது ஐயா. அதற்கு இழப்பீடு கேட்பது உங்கள் உரிமை. ஆனால் நோயைத் துப்பாக்கியால் நிறுத்த முடியாது. கூட்டத்தில் சுட்டால் மிஞ்சியவை சிதறி ஓடும், வைரஸும் கூடவே ஓடும். செக் நாட்டின் ஸ்லின் பகுதியில் 2017இல் இந்த நோய் வந்தபோது, முதலில் வேட்டையை நிறுத்தினார்கள். வேலி கட்டிப் பன்றிகளை உள்ளேயே நிறுத்தினார்கள், பிணங்களைத் தேடித் தேடி அகற்றினார்கள், அதன் பிறகுதான் சுட்டார்கள். 2019இல் நோய் ஒழிந்தது. 2022 கடைசியில் வேறு வழியாக மறுபடி வந்தது என்பது தனிக் கதை. தவிர, நம் காடுகளில் புலிக்கும் செந்நாய்க்கும் காட்டுப்பன்றி இரை.

அல்சூர், இல்லத்தரசி: குடகுப் பன்றிக்கறி சாப்பிடலாமா?

நன்றாக வெந்த பண்ணைப் பன்றியைத் தாராளமாகச் சாப்பிடலாம். காட்டுப்பன்றிக் கறி என்று யாராவது கொடுத்தால் வேண்டாம். அது குற்றம், புழுத் தொல்லை வேறு.

ஓசூரிலிருந்து வேலைக்கு வந்துபோகும் வாசகர்: நோய் தமிழ்நாட்டில் வந்தால் உங்களுக்கு என்ன வேலை?

2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்தன. ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்று உறுதியானது. முதுமலையும் பந்திப்பூரும் ஒரே காடு, வயநாடும் ஒட்டியே இருக்கிறது. பன்றிக்குச் சோதனைச் சாவடி தெரியாது. எனவே மூன்று மாநிலத்தாரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கடிதம் மேலே போய் இறங்கி வருவதற்குள் பிணம் மட்கிவிடும் என்பதால், வாட்ஸ்அப்பில் களப் பணியாளர்கள் நேரடியாகப் பகிர்வதையே நான் நம்புகிறேன்.

மறுபடி அதே மாணவர்: இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், அக்கா?

உடலை அறுத்துப் பார்க்கக் கால்நடை மருத்துவம் வேண்டும். ஹெப்பாலில் கல்லூரி இருக்கிறது. நடமாட்டம், எண்ணிக்கை, கேமரா ஆகியவற்றுக்கு விலங்கியலோ வன உயிரியலோ போதும். திட்ட வேலையில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். கன்னடம் பேசப் பழகு. காவலர்கள் உனக்குத் தகவல் சொல்வதே அதனால்தான்.

ஜிகனி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மாலையில் வீட்டு மிச்சச் சோற்றைக் காட்டுப்பன்றிகளுக்கு வைக்கிறோம். பாவம், பசியோடு வருகின்றன.

ஐயா, இன்றோடு நிறுத்திவிடுங்கள். பசியால் அவை சாவதில்லை. தெருநாயும் ஊர்ப்பன்றியும் காட்டுப்பன்றியும் ஒரே இடத்தில் வாய் வைக்கும் தட்டை நீங்கள் தினமும் நிரப்புகிறீர்கள். மிச்சத்தை ஈரக் குப்பையில் போடுங்கள், குப்பை வண்டி எடுத்துப் போகட்டும்.