முக்குனா கொடியும் மகளின் படிப்பும்

அம்மா, சுங்கை சிப்புட்டில் சந்தித்தபோது நீங்கள் கேட்டது இன்னும் மனத்தில் நிற்கிறது: "தோட்டத்தில் நான் பட்டது போதாதா, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்த பிள்ளையும் செடியோடுதான் மல்லுக்கட்ட வேண்டுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் மகள் கேட்கும் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைப் போத்தலில் வைத்துக் கன்றாக வளர்க்கும் வேலையில், வெயில் கிடையாது, பாரமும் கிடையாது.

செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, அடியில் மண்ணை மூடிப் படரும் முக்குனா கொடியைத் தினமும் பார்க்கிறீர்கள். அதுவும் பயறு குடும்பம்தான். அதன் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். ஆனால் நம் மலேசியத் தாழ்நிலத்தில் அது விதை பிடிப்பது அரிது. இந்தியாவிலிருந்து விதை வாங்குகிறார்கள், இல்லையென்றால் கொடியை வெட்டி நடுகிறார்கள். ஒரே கணுவிலிருந்து பல கன்றுகள் எடுக்க முடிந்தால் எவ்வளவு நல்லது! அதற்குத்தான் திசு வளர்ப்பு.

திசு வளர்ப்புக் கூடத்தில் செடிக்கு மண் கிடையாது. முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவை, லிட்டருக்கு 30 கிராம் சீனி, கெட்டியாக்க அகார். நாம் தீபாவளிக்குக் காய்ச்சுகிற அதே அகார் அகார்தான். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கிய பிறகு, முளைவிட்ட பயற்றில் விதையிலைகள் தண்டோடு சேரும் இடத்தை நறுக்கி அதில் வைப்பார்கள்.

பயறு வகை லேசில் வழிக்கு வராது. நறுக்கிய இடம் பழுப்பாகிவிடும். தளிர் வந்தாலும் வேர் வராது. கொண்டைக்கடலைத் தளிரை வேறொரு நாற்றின் மேல் ஒட்டுக்கட்டிக் காப்பாற்றுவதும் உண்டு. இதில் கை பழகினால் வாழை, ஆர்கிட், செம்பனைக் கூடங்களிலும் வேலை பார்க்கலாம். உண்மையில் இங்கே வேலை அதிகம் இருப்பது அவற்றில்தான், பயற்றில் இல்லை. ஆராய்ச்சியாளராக வேண்டுமென்றால் முதல் பட்டம் போதாது, முதுகலைக்கும் காலம் ஒதுக்க வேண்டும். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் விவசாயப் படிப்புகளையும் அவள் பார்க்கட்டும்.

சரி, அவளுக்கு இது ஒத்துவருமா? மதிப்பெண்ணை வைத்து நான் சொல்ல மாட்டேன். சீனி கலந்த அகாரை ஜாம் போத்தலில் ஊற்றி, பிரஷர் குக்கரில் அவித்து ஆறவிடச் சொல்லுங்கள். துணி வெளுக்கும் திரவத்தில் கழுவிய பச்சைப்பயறு நாலைந்தை அதில் போட்டு மூடி வைக்கட்டும். இரண்டு மூன்று நாளில் வெள்ளையாகப் பூஞ்சை படரலாம். அப்போது அவள் அலுத்துக்கொள்கிறாளா, எங்கே கை பட்டது என்று யோசித்து அடுத்த போத்தலைக் கழுவுகிறாளா என்று கவனியுங்கள். அப்புறம் இருவரும் என்னை வந்து பாருங்கள், படிப்புக்கான விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.