உப்பு ஏரிக் கூழுக்கு மூன்று மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு முக சீரத்தின் அட்டையில் “உப்பு ஏரியிலும் வாடாத பாக்டீரியாவின் பாலிசாக்கரைடு, இனி உங்கள் சருமமும் வாடாது” என்று போட்டிருக்கிறார்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஹையலூரானிக் அமிலம் கலந்த சாதாரண சீரத்தைவிட மூன்று மடங்கு விலை. வாங்கலாமா?

பதில்: அட்டையில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி வியாபாரம்.

உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் நிஜமாகவே இருக்கின்றன. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான். சாக்கடலில் கிட்டத்தட்ட அதைப்போல் பத்து மடங்கு. அங்கேயும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இந்த வகை உயிர்களில் பல, தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு கூழைச் சுரந்துகொள்கின்றன. சர்க்கரை மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்த அந்தக் கூழ்தான் பாலிசாக்கரைடு. மொராக்கோவின் உப்பளம் ஒன்றில் கிடைத்த ஹாலோமோனாஸ் மௌரா, ஸ்பெயினின் சாண்டா போலா உப்பளத்தில் கிடைத்த ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டெரானெய் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. (இரண்டாவது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற தனி வகை. அட்டை எழுதுகிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.)

அட்டை எங்கே வழுக்குகிறது என்றால், உப்பில் வாடாமல் இருப்பதற்கு இந்தக் கூழ் முக்கியக் காரணம் அல்ல. வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறப் பார்க்கும். அதைத் தடுக்க இந்த பாக்டீரியாக்களில் பல, செல்லுக்குள்ளேயே எக்டோயின் போன்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைக்கின்றன. 1985இல் கண்டறியப்பட்ட எக்டோயின் இன்று க்ரீமிலும் கண் சொட்டு மருந்திலும் இருக்கிறது. மனிதர்களிடம் சோதித்த சிறு ஆய்வுகளும் அதற்கு உண்டு. ஆனால் அது பாலிசாக்கரைடு அல்ல. உள்ளே இருக்கும் எக்டோயினின் பெருமையை வெளியே இருக்கும் கூழுக்குச் சூட்டி விற்கிறார்கள்.

சரி, அந்தக் கூழ் சருமத்தில் என்னதான் செய்யும்? மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், தடவ வழவழப்பாக இருக்கும். நல்ல வேலைதான். ஆனால் ஹையலூரானிக் அமிலமும் அதையேதான் செய்கிறது. அதுவும் இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கப்படுகிறது. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் போடும் சாந்தன் கம் கூட இதே குடும்பம். அதைத் தருவது முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா! அதை எந்த அட்டையாவது பெருமையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? பிறந்த இடம் விளம்பரத்துக்கு. உங்களுக்கு வேண்டியது பொருள் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

எவ்வளவு என்பதை ஓரளவு ஊகிக்கலாம். பல நாட்டு விதிகளின்படி, சேர்பொருள்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். பட்டியலில் ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதியில் அதற்கு உச்சவரம்பே 1 சதவீதம். “ஆல்டெரோமோனாஸ் ஃபெர்மென்ட் எக்ஸ்ட்ராக்ட்” (ஆல்டெரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து எடுத்த சாறு) போன்ற பெயர் அதற்கும் பின்னால் வந்தால், ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அளவு குறைவு என்பதாலேயே மோசம் என்று சொல்ல மாட்டேன், இந்தக் கூழ்கள் கொஞ்சம் போட்டாலே கெட்டியாகும். ஆனால் மூன்று மடங்கு விலைக்கு அது நியாயம் ஆகாது. நானாக இருந்தால் சாதாரண சீரத்தை வாங்கி, ஈர முகத்தில் தடவி, மேலே ஒரு க்ரீம் போட்டுக்கொள்வேன்.

கேள்வி: பாக்டீரியா என்றாலே பயமாக இருக்கிறது. முகத்தில் உயிரோடு ஏதாவது வளருமா?

பதில்: வளராது. தொட்டியில் வளர்த்து, செல்களை நீக்கி, கூழை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அட்டையில் “ஃபில்ட்ரேட்” என்று இருந்தால் வடிகட்டியது, “லைசேட்” என்று இருந்தால் உடைத்த செல்களின் சாறு. அப்புறம், உப்பு ஏரியிலிருந்து அள்ளி வந்ததும் இல்லை. ஒரு முறை எடுத்து வந்த பாக்டீரியாவைத்தான் ஆலையில் பெருக்குகிறார்கள். உப்பு நிறைந்த தொட்டியில் வேறு கிருமிகள் எளிதில் நுழையாது என்பதால் தயாரிப்பவருக்கு இது வசதி. அந்த மிச்சம் விலையில் தெரிந்தால் சந்தோஷப்படலாம்.

கேள்வி: என்னிடம் உள்ள ஜெல், வியர்த்த கையில் தடவினால் தண்ணீராகிவிடுகிறது. போலியா?

பதில்: அவசரப்படாதீர்கள். கார்போமர் என்ற செயற்கைப் பொருளால் கெட்டியாக்கிய ஜெல் உப்பு பட்டால் இளகிவிடும். ஒரு துளி ஜெல்லில் சிட்டிகை உப்பு தூவிப் பாருங்கள், கண்முன்னே நீர்த்துப்போகும். சாந்தன் கம் அந்த அளவுக்கு இளகாது. அதிகம் வியர்ப்பவர் என்றால் அடுத்த முறை சாந்தன் போட்டதைத் தேடுங்கள். ஒன்று மட்டும்: கம் வகைகளை அடுக்கடுக்காகத் தடவினால் சில சமயம் அழுக்குபோல உருண்டு வரும். அடுத்ததைப் பூசும் முன் முதல் பூச்சு காயட்டும்.

கேள்வி: இதே பாலிசாக்கரைடை மாத்திரையாக்கி “கட்டியைக் கரைக்கும்” என்று விற்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள்மேல் ஒரு பொருள் ஏதோ செய்தது என்பதும், அதை விழுங்கிய மனிதருக்கு நோய் குணமானது என்பதும் வெவ்வேறு. ஏற்கனவே சிகிச்சையில் இருப்பவர் என்றால் மாத்திரை டப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள்.