மிளகாய்ப் பழம் தெரியாத தம்பியும், மாமாவின் மகனும்

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி. எங்களுக்குக் கோப்பாய்ப் பக்கம் மிளகாய்த் தோட்டம் இருக்கிறது. தம்பியை மிளகாய் ஆய விட்டால் பழத்தையும் காயையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருவான். கண்ணைக் காட்டியபோது சிவப்பு, பச்சை நிறக்குருடு என்றார்கள். அம்மாவின் அண்ணனுக்கும் இதே பிரச்சினை. அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோருக்கும் நிறம் சரியாகத் தெரியும். அப்பாவின் ஆட்கள் அம்மாவைத்தான் குறை சொல்கிறார்கள். இப்போது அக்காவுக்கு அந்த மாமாவின் மகனைப் பேசுகிறார்கள். அவருக்குக் கண் நல்லது. ஆனால் மாமாவின் குறை அவருக்குள் ஒளிந்திருந்து பிள்ளைகளுக்கு வருமோ என்று எல்லோருக்கும் பயம்.

பதில்: பிள்ளை, பயத்தை ஆள்மாறி வைத்திருக்கிறீர்கள். மாமாவின் மகனிடம் அந்தக் குறை ஒளிந்திருக்க இடமே இல்லை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் விழித்திரைக் கூம்புக் கலங்களுக்கான பரம்பரையலகுகள் (ஜீன்கள்) எக்ஸ் (X) நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அதனால் முட்டை உருவாகும் கலப்பிரிவின்போது ஒன்றோடொன்று பிசகி, ஒன்று காணாமற் போவதோ கலப்பாகிவிடுவதோ அடிக்கடி நடக்கும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இது உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், மற்றது வை (Y) நிறமூர்த்தம். தகப்பன் மகளுக்குத் தன் எக்ஸைக் கொடுக்கிறார், மகனுக்கு வையைக் கொடுக்கிறார். ஆக, மாமாவின் பழுதான எக்ஸ் அவருடைய மகனுக்குப் போகவே இல்லை. மகனுக்கு வந்த எக்ஸ் மாமியுடையது. சரி, மாமி வழியால் வந்திருக்காதா என்று கேட்பீர்கள். வந்திருந்தால் அவருக்கும் உங்கள் தம்பியைப் போலத்தான் தெரியும். ஒரே எக்ஸ் வைத்திருக்கும் ஆணிடம் பின்னிடைவான எதிருருவை, அதாவது நல்ல சோடி இருந்தால் வெளியில் தெரியாத பரம்பரையலகு வடிவத்தை, மூடி மறைக்க இன்னொன்று கிடையாது. ஆண்களில் காவி, அதாவது குறை வெளியில் தெரியாமல் அதைச் சுமப்பவர், என்று ஒருவர் இந்த விடயத்தில் இல்லை.

பெண்களில்தான் அது மறைந்து போகும். அதுவும் ரியூசனில் சொல்வதுபோல நல்ல எதிருரு கெட்டதை வெறுமனே 'அடக்கி'விடுவதால் அல்ல. பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு எக்ஸ் உறங்கிவிடும். எது உறங்கும் என்பது கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே, கலத்துக்குக் கலம் குருட்டாம்போக்கில் முடிவாகிறது. 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி சொன்ன விளக்கம் இது. கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாக உள்ள பூனை உங்கள் வளவில் இருந்தால் பாருங்கள், அது அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். அந்தத் திட்டுகள் இதே கதைதான். உங்கள் அம்மாவின் விழித்திரையும் அப்படியொரு திட்டு வேலைதான். நல்ல எக்ஸ் விழித்திருக்கும் கலங்களே நிறம் பார்க்கப் போதும்.

அம்மாவைக் குறை சொல்கிறவர்களுக்கு: தாய்வழி என்பது உண்மை, குற்றம் என்பது பொய். அம்மா தன்னிடமிருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தார். எதைக் கொடுப்பது என்று தெரிவு செய்ய யாராலும் முடியாது. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தார், அம்மம்மாவுக்கு யாரோ. அப்பாவின் ஆட்கள் கொஞ்சம் யோசித்தால், தம்பிக்கு அப்பா கொடுத்த வையில் இந்த பரம்பரையலகே இல்லை என்பதும் விளங்கும்.

இனி அக்கா. தம்பிக்கும் மாமாவுக்கும் இருப்பதால் அம்மா காவி என்பது உறுதி. அக்கா காவியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, உங்களுக்கும் அவ்வளவுதான். அக்கா காவியென்றால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் 50 சதவீதம். இன்று அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாத நிலையில், ஒவ்வொரு மகனுக்கும் 25 சதவீதம். மகள்மாருக்கு நிறக்குருடு வராது, சிலர் காவிகளாகலாம். இந்தக் கணக்கு மச்சானைக் கட்டினாலும் ஒன்றுதான், நிறம் நன்றாகத் தெரியும் வேறு யாரைக் கட்டினாலும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பைக் கணக்கிடப் பெட்டி போடும் புன்னெட் சதுரத்தில் நாலு பெட்டி இருப்பதால் நாலு பிள்ளைகளில் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். பரீட்சைத் தாளிலும் கிளினிக்கிலும் நான் அடிக்கடி காணும் பிழை அது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மற்றவை தப்பும் என்று சுண்டிவிடும் நாணயம் நினைவு வைத்திருப்பதில்லை.

மச்சானைக் கட்டுவதில் யோசிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. மாமன் மகனும் அத்தை மகளும் தங்கள் பரம்பரையலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். எக்ஸில் இல்லாத, மற்ற நிறமூர்த்தங்களில் ஒளிந்திருக்கும் பின்னிடைவான நோய் ஒன்று இருவரிடமும் இருந்தால், பிள்ளையில் அது சேர்ந்து வெளிப்படலாம். பிறவிக் குறைபாடுகள் சாதாரணமாக 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்கு வருமென்றால், இப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகளில் 4 முதல் 6 வரை. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்து வாசியுங்கள். சாதகம் பொருந்தியதும் மண்டபம் பார்க்க ஓடாமல், இருவரும் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். சிறுவயதிலேயே இறந்த பிள்ளைகள், பிறவியிலேயே காது கேளாதவர்கள் குடும்பத்தில் உண்டா என்று அம்மம்மாவிடம் கேளுங்கள். எங்களுடைய எந்தக் கோப்பையும் விட அவருக்குக் கூடத் தெரிந்திருக்கும்.

தம்பிக்கு மருந்தில்லை, தேவையும் இல்லை. இது வயதோடு கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. இணையத்தில் விற்கும் நிறக்கண்ணாடி வேறுபாட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டலாம், இல்லாத கூம்பை உண்டாக்காது. வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள், இரசாயனவியல் செய்முறையில் மெதைல் ஒரேஞ்சின் நிறமாற்றம் அவனைத் தடுமாற வைக்கும். விமானம், கப்பல், ரயில் ஓட்டும் கனவு இருந்தால் விதிகளை இப்போதே விசாரியுங்கள். ஆனால் வளர்ந்தவர் ஒருவருக்குப் புதிதாக நிறம் மங்கினால், அல்லது ஒரு கண்ணில் மட்டும் அப்படியென்றால், அது இந்தப் பரம்பரைக் குறையல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் எதம்பியூட்டோல் மாத்திரையாலும் வரும், உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், மாமாவுக்கு மகளும் உண்டா? உங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத அந்த மச்சாள், பாதிக்குப் பாதி என்ற கேள்விக்கே இடமில்லாமல், நிச்சயமான காவி.