ஹட்டனில் வீட்டுத் தையல்: கிழமையை எப்படிப் பிரிப்பது?

வணக்கம் சகோதரி. ஹட்டனில் வீட்டிலிருந்தே சட்டை தைக்கிறீர்கள், ஆட்கள் நேரங்காலமில்லாமல் வருகிறார்கள், இரவு வரை மெஷினில்தான் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மணிக்கணக்கில் அட்டவணை போட வேண்டாம். பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலே குழம்பிவிடும். வேலையின் வகையை வைத்து நாட்களைப் பிரியுங்கள்.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருவது பெரும்பாலும் ஞாயிறுதான். அளவெடுப்பதும் தைத்ததைக் கொடுப்பதும் அன்றைக்கு மட்டும் என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். முதலில் கோபிப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள். திங்கள் முழு ஓய்வு. இதை மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். செவ்வாய் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால், புதனிலிருந்து ஒரே நிற நூல் வேண்டிய துணிகளைச் சேர்த்துத் தைக்கலாம். நூல் மாற்றும் நேரம் மிச்சம். வெள்ளி பின்னேரம் ஒன்றும் வைக்காதீர்கள், தேங்கியதை முடிக்க அது வேண்டும். சனி கொக்கி, கைத்தையல், அயர்ன், கணக்கு.

மாதம் 10ஆம் திகதி தோட்டச் சம்பளத்தை ஒட்டித் துணி குவியும். தீபாவளி நேரம் சொல்லவே வேண்டாம். அப்போது மட்டும் தீபாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே ஆட்களிடம் தைக்கப் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுங்கள், தெரிந்தவர்கள் கேட்டாலும் சரி.